ராஜமாணிக்கத்தின் மறதி

"ஒரு ஆளைத் தூக்கி உக்கார வெக்கறதுலயே என் இடுப்பு ஒடியுது. இதுல இன்னொருத்தரையும் பாத்துக்கச் சொல்றியே, நல்லா இருக்காக்கா?"

ஆரோக்கியமேரி கேட்டதில் நியாயம் இருந்தது. பக்கத்து வீட்டுக் கங்கம்மாவும் அதை மறுக்கவில்லை.

"இன்னா பண்றது ஆரோக்கியம்? கம்பெனில எனக்கு மத்தியான ஷிப்ட் போட்டுட்டான். மாமனாரை ஊத்துக்கோட்டையிலேந்து இப்பத்தான் கூட்டியாந்தேன். மனுசனுக்கு ஞாபகமே நிக்கல. நேத்து பேசனது இன்னிக்கு இல்ல. தனியா உட்டா எங்கனா போயிடுவாரு. ஜெரால்டு பக்கத்துல ஒரு சேரைப் போட்டு உக்கார வெச்சிடு, அது போதும்."

முடியாது என்று சொல்ல ஆரோக்கியமேரிக்கு வாய் வரவில்லை. கணவனோடு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் சோறு கொண்டுவந்து கொடுத்தவளே இந்தக் கங்கம்மாதான்.

கணவர் ஜெரால்ட் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. பேச்சு பாதிதான் போயிருந்தது. "பேசப் பேசத்தான்க்கா நாக்கு திரும்பும். உட்டுட்டா அப்படியே நின்னுடும்" என்று, சுகாதார நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் தெரபி சிஸ்டர் ஏஞ்சலின் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

மனிதர் வாயைத் திறந்தால்தானே! பார்க்க வந்த பழைய கூட்டாளிகளிடம் ஏதோ சொல்லப்போய் வார்த்தை குழற, ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டான். அன்றைக்கு மூடிய வாய்தான். தண்ணீர் வேண்டுமானாலும் கண்ணால்தான் காட்டுவார். வேலை விட்டு வரும்போதே தெருமுனையிலிருந்து "மேரி" என்று கூப்பிடுகிற மனிதர். அந்தக் குரலை இனிக் கேட்கவே முடியாதா என்று ஆரோக்கியமேரி அடுப்படியில் நின்று அழாத நாளில்லை.

மறுநாள் மத்தியானம் ராஜமாணிக்கம் பெரியவர் வந்து சேரில் உட்கார்ந்தார்.

"உன் பேரு இன்னா நைனா?"

ஜெரால்ட் சுவரைப் பார்த்தார்.

"இன்னா வேலை பாத்த?"

அதற்கும் சுவர்தான். அவருக்குப் பதிலாக ஆரோக்கியமேரியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுத்த நாள் அதே சேர், அதே கேள்வி. அதற்கடுத்த நாளும் அப்படியே. 'நல்ல பேஜாரைக் கட்டிவிட்டாளே கங்கம்மா' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே டீ போட்டாள். உலகத்தையே மறந்த பெரியவர், டீயில் சர்க்கரை குறைந்தால் மட்டும் கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு நாள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளின் கை நின்றது.

"உன் பேரு இன்னா நைனா?"

"ஜெ... ஜெர... ஜெரால்..."

"இன்னா வேலை பாத்த?"

"கே... கே..."

கரகரத்த, உடைந்த குரல். ஆனால் அவருடைய குரல். ஆரோக்கியமேரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் சிரிக்கவும் இல்லை, வார்த்தையை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. ஜெரால்ட் முடிக்கும்வரை கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தார். மறுநாள் வந்து, ஒன்றுமே தெரியாதவர்போல மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

'கே' மெல்ல 'கேன்' ஆனது. பிறகு 'கிரேன்' ஆனது. லிவரை எப்படித் தள்ளுவது என்று காட்டப்போய் விழுந்த கைகூட லேசாக அசைந்தது.

"அங்க நிக்குதே, அந்தப் பொம்பள யாரு நைனா?" என்று பெரியவர் ஒரு நாள் கேட்டார்.

ஜெரால்ட் அவளைத் திரும்பிப் பார்த்தார். "மே... மேரி. என்... சம்சாரம்."

அவளால் தாங்க முடியவில்லை. பெரியவர் போனதும் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் எத்தினி தடவ கெஞ்சினேன், பேசவே இல்லியே. அவருகிட்ட மட்டும் எப்படிப் பேசற?"

ஜெரால்ட் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். "அவருக்கு... நாளைக்கு... ஞாபகம் இருக்காது. வெக்கம்... இல்ல."

போன ஞாயிற்றுக்கிழமை பழைய கூட்டாளிகள் மறுபடி வந்தார்கள். "வா... உக்காரு" என்று ஜெரால்டே கூப்பிட்டார். அன்றைக்குச் சிரித்தவன் இன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் சர்க்கரை தூக்கலாக டீ போட்டு வைத்தாள் ஆரோக்கியமேரி. பெரியவர் வரவில்லை. கங்கம்மா வீடு பூட்டிக் கிடந்தது. அவளுக்குப் பகீரென்றது. ஐயோ, வழி மறந்து எங்கேயாவது போய்விட்டாரா?

ரோட்டுக்கு ஓடினாள். நல்லவேளை, ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் துணிப்பையோடு பெரியவர் ஏறிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, இறங்குங்க. எங்க போறீங்க? ஊடு அந்தப் பக்கம்." மூச்சு வாங்க அவர் கையைப் பிடித்தாள்.

ராஜமாணிக்கம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியும் ஆரோக்கியமேரி. மொதல்ல 'கே'ன்னு நின்னுச்சி, இப்ப கிரேனு முழுசா வருது. 'ஆஸ்பத்திரி'தான் இன்னும் இடிக்குது, தெனம் சொல்ல வெய்யி. என்னைப் பத்தி மட்டும் அவன்கிட்ட மூச்சு விட்டுடாத."

"அப்ப உங்களுக்கு மறதியே இல்லியா?" அவள் பிடித்த கையை விட்டாள்.

"வள்ளூர்ல ஒருத்தருக்குக் குரல் உள்ள போயிடுச்சாம், சத்தமா பேசவே மாட்டேங்கறாராம். இங்க அனுப்பின ஏஞ்சலின் சிஸ்டரே இப்ப அங்க போவச் சொல்லிட்டாங்க" என்றார் ராஜமாணிக்கம். ஆட்டோ நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார். "நாளையிலேந்து எனக்குக் காது கேக்காது."