மேட்டில் நின்றவள்

1961ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் காலை. மூன்றாம் நாளாக விடாத மழை. வெள்ளம் சூழ்ந்த மேட்டில் நான்கு செம்மறியாடுகள் சிக்கியிருந்தன. மழைக்கு ஆடுகள் ஒதுங்கும் வழக்கப்படி, சுட்டி தன் அக்காள் மயிலையின் வயிற்றடியில் தலையைப் புதைத்து நின்றாள்.

மேய்ப்பர் பரிசலில் வந்து நால்வரையும் பெயர்சொல்லி அழைத்தார். மூவர் ஏறினர். சுட்டி அசையவில்லை. அதற்குள் வெள்ளம் பரிசலை இழுத்துச் சென்றது.

“நான் தாவினேன், பிழைத்தேன். அவளும் தாவியிருக்கலாமே!” என்றாள் பரிசலில் நின்ற செவலை.

“கிழித்தாய்! உன் பிடரியைப் பற்றித் தூக்கியது யாராம்? அவர் தேர்ந்தெடுத்தவர்களே ஏறினோம்” என்றான் கிடாய்க் கொம்பன்.

“அப்படியானால், என் தங்கையை அவர் வேண்டாம் என்றாரா?” என்று மயிலை கேட்டாள்.

கொம்பன் அவள் பக்கம் திரும்பினான். “நீயே சொல்லம்மா. தாவினாயா, தூக்கப்பட்டாயா?”

மயிலை எண்ணிப் பார்த்தாள். கால்கள் தரையை விட்டதும், அவர் கை கழுத்தில் பட்டதும் ஒரே கணம். எது முந்தியது என்று அவளுக்குத் தெரியவில்லை. தான் விலகியதும் தங்கையின் தலை மழையில் நனைந்தது மட்டுமே தெரிந்தது.

மூவரையும் கரையில் இறக்கிவிட்டு மேய்ப்பர் இருமுறை மேட்டை நோக்கிப் போனார். நண்பகலில் மேடு மூழ்கியது. சுட்டி கிடைக்கவில்லை. கொம்பனும் செவலையும் பட்டியில் அந்த வாதத்தைத் தொடர்ந்தனர். ‘சுட்டி, சுட்டி’ என்று கத்திக் கத்திக் கட்டிப்போன மேய்ப்பரின் குரல் திரும்ப எட்டு நாளாயிற்று.