ஆன்லயே இருக்கட்டும்

காட்டுப்பன்றியைத் தடுக்க, மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் புதிதாக மின்வேலி போட்டார்கள்.

"ஏனுங்கய்யா, பன்னி வந்தா மட்டும் கரண்டு உட்டாப் போதாதுங்களா? ஆளுங்க நடமாடற எடமுங்க" என்றான் சுவிட்ச் அறையைப் பார்த்துக்கொள்ளும் மாதையன்.

மேனேஜர் அவன் செவிட்டில் அறைந்தார். "எப்பவும் ஆன்லயே இருக்கட்டும். நான் சொன்னா மட்டும் அணை!"

அன்று மாலையே, ஒரு கூலியாளைப் பிரம்போடு துரத்திய மேனேஜர் சறுக்கி வேலிமேல் விழுந்தார்.

"லைனை அணைடா!" என்று அலறினார்.

மாதையன் உடனே அணைத்தான். அலறல் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றது.

"எதைடா அணைச்ச?" என்று உலுக்கினார் விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர்.

"நாங்க எதுத்துப் பேசினாலே ஐயா இப்படித்தானுங்க 'லைனை அணைடா'ன்னு கத்துவாரு. ஒடனே கூலியாளுங்க நாங்க குடியிருக்கற லைன் ஊட்டு வெளக்கையெல்லாம் அணைப்பனுங்க. இன்னிக்கும் ஐயா சொன்னபடி அதைத்தானுங்க அணைச்சேன்."