கடைசி ஆட்டத்துக்கு ஒரு பற்றறி

பாப்பாமோட்டையில், போர் முடிந்து மீளக் குடியேறியவர்களின் தகரக் கொட்டிலொன்றில், உழவு மெசினிலிருந்து கழற்றிய பற்றறியில் டிவி ஓடுகிறது. இந்தியக் கால்பந்து லீக்கில் சென்னைக்கு இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். மூன்று கோல் வாங்கிவிட்டது. கூடியிருந்த சனம் பாயை உதறிக்கொண்டு போய்விட, தவமலரின் முகத்தில் மட்டும் மைதானத்தின் பச்சை வெளிச்சம் ஆடுகிறது. வயரைக் கழற்ற வந்த தம்பி நிமலனின் கையைத் தட்டிவிடுகிறாள். "அக்கா, பற்றறி இறங்கினா விடிய மெசின் ஸ்டார்ட் வராது. உழவு கிடக்கெல்லே? தோக்கிற மட்ச்தானே!" "தள்ளி ஸ்டார்ட் பண்ணுவம்." நாலாவது கோலும் விழுகிறது. வலைக்குள் கிடந்த பந்தை அள்ளிக்கொண்டு சென்னைக்காரன் ஒருவன் நடுக்கோட்டுக்கு ஓடுகிறான். தவமலர் கதிரையை முன்னால் இழுத்துப் போடுகிறாள். "நாங்கள் தோக்கேக்கை உலகம் டிவியை நிப்பாட்டிப்போட்டுப் படுத்திட்டுது. நான் நிப்பாட்ட மாட்டன்."