இட்லி மாவும் கரண்டியும்

மழை நாளில் இட்லி மாவு சீக்கிரம் பொங்காது. அந்த வீட்டு அம்மாளுக்கோ பொறுமை குறைவு. “சாயங்காலத்துக்குள்ள பொங்கலைன்னா சாக்கடையிலதான் கொட்டணும்” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டுப் போனாள்.

உள்ளே மாவு நடுங்கியது. மேலே ஆணியில் தொங்கிய கரண்டி உடனே ஆலோசனை சொல்ல ஆரம்பித்தது. உலகில் எதையும் கிளறாமல் விடக் கூடாது என்பது அதன் கொள்கை.

“மூச்சைப் பிடிச்சு மேலே எக்குடா தம்பி!”

மாவு எக்கியது. ஒரு நூல்கூட உயரவில்லை.

“இன்னும் பலமா! எத்தனை சாம்பாரை ஆட்டிவெச்சிருக்கேன் நான்!”

“அண்ணே, நான் எக்கினா உள்ளே கேக்கிற சத்தம் நின்னுடுது.”

“என்ன சத்தம்?”

“பொளுக், பொளுக்னு. அடியில யாரோ இருக்காங்க.”

“கொட்டப் போறாங்கடா உன்னை! இப்ப போய் வேடிக்கையா?”

“கொட்டட்டும் அண்ணே. அது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேனே.”

மாவு எக்குவதை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தது. மாவுக்கு ஏது காது என்பவர்கள் அதை உற்றுப் பார்த்ததில்லை, உடம்பெல்லாம் துளைதான். ஒரு பொளுக் பத்தாயிற்று, பத்து நூறாயிற்று. கேட்டுக்கொண்டே மாவு தூங்கிப்போனது.

சாயங்காலம் மூடி டணாரென்று தரையில் விழுந்தது. ஓடிவந்த அம்மாள் பாத்திரத்தைப் பார்த்ததும் இட்லித் தட்டைத் தேடப் போனாள்.

“பாத்தியா, எல்லாம் நான் குடுத்த பயிற்சி!” என்றது கரண்டி.

விளிம்பில் வழிந்துகொண்டிருந்த மாவு கொட்டாவி விட்டது.

“அண்ணே, மூடியைத் தள்ளினது யாரு?”