கோபிக்க ஆள் வைத்த தாய்மாமன்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். திலகவதி மகளுக்குக் காதுகுத்து. மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனைக் காணோம். தாம்பூலத்தோடு நேரில் போய்த் தம்பியை அழைக்க நேரமில்லாமல், அந்த வேலையை அவள் ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருந்தாள். பல்லைக் கடித்தபடி அங்கே போன் போட்டாள்.

“அழைச்சாச்சு மேடம். அவர் கோவிச்சுக்கிட்டார்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“கோவிக்கிற வேலைய அவரும் எங்களுக்குத்தான் குடுத்திருக்கார். அவரை அழைச்சவளும் நான்தான், அவருக்காகக் கோவிச்சவளும் நான்தான்.”

“அப்ப நீயே சமாதானமாகித் தொலையேன்டி! ஆசாரி ஊசியோட நிக்கிறார்.”

“சமாதானம் மணிலா கிளை மேடம். அங்க இன்னைக்கு லீவு.”

நல்ல நேரம் கழிந்தது. ஆசாரி கிளம்பிவிட்டார். மொட்டைத் தலையோடு பாயில் தனியாக உட்கார்ந்து குழந்தை வீறிட்டது. தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள் திலகவதி.

திலகவதி தன் பெற்றோருக்கு ஒரே பிள்ளை.