வெள்ளை மேல் வெள்ளை

மேனேஜர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பக்கத்தில் அக்கா.

உடன்பிறந்த அக்கா இல்லை. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற தாள் இருக்கிறதே, அதில் வருவதை நான் டைப் செய்வேன், அக்கா பிழை பார்ப்பார். என்னைவிட நாலு வயது மூத்தவர், அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. இரண்டரை மில்லி என்று இருக்க வேண்டியது ஐந்து மில்லி என்று அச்சாகிவிட்டது. நல்லவேளையாக ஒரு மருந்துக்கடைக்காரர் கண்ணில் பட்டது. எந்தக் குழந்தையின் வாய்க்கும் போகவில்லை.

ஆனாலும் யாராவது ஒருவர் வேலையை விட்டுப் போயாக வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒருவர் அக்கா என்று நேற்றே பேச்சு. அவருடைய கம்ப்யூட்டரைக்கூடப் பூட்டிவிட்டார்கள்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். வார்த்தை தப்பாக இருந்தால் அக்காவே திருத்திவிடலாம். எண்ணைத் தொடக் கூடாது. எண்ணில் சந்தேகம் வந்தால், கோப்பிலேயே அந்த வரிக்கு மேல் ஒரு குறிப்பு எழுதி எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். குறிப்பு அச்சில் வராது, திரையில் மட்டும் தெரியும். அதைப் படித்து, டாக்டரிடம் கேட்டு, எண்ணை மாற்றி, குறிப்பை அழித்து, அச்சுக்கு அனுப்புவது என் வேலை.

எழுதினேன் என்று அக்கா சொல்கிறார். என் கண்ணில் படவில்லை என்று நான் சொன்னேன். சத்தியமாகப் படவில்லை.

"கோப்பு ஒண்ணுதானே, எந்தத் திரையில பார்த்தா என்ன?" என்று மேனேஜர் நேராக என் இடத்துக்கு வந்துவிட்டார்.

என் திரைக்கு ஆபீஸில் பெயின்ட் கடை என்று பெயர். டைப் செய்கிற எடிட்டர் மென்பொருளின் செட்டிங்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு நிறமாக நானே மாற்றியது. இது தலைப்பு, இது அளவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற டேகுகளுக்கு மங்கலான நீலம். எண்களுக்கு ஆரஞ்சு. எச்சரிக்கைகளுக்கு மஞ்சள் பட்டை. கண் வலிக்காது, எதுவும் தப்பாது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா சொன்ன இடம் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிக்கு மேலே. மேனேஜர் அங்கே போய் நின்றார்.

வரி எண்கள் இருந்தன. எதிரே ஒன்றுமே இல்லை.

குறிப்புகளுக்கு என்ன நிறம் போட்டோம் என்று அப்போதுதான் யோசித்தேன்.

நாலு மாதம் இருக்கும். சேர்ந்த புதிதில், கோப்பு திரும்பி வந்தாலே அக்காவின் குறிப்புகள் பச்சையாக நிற்கும். மாமியார் வீடு மாதிரி எதற்கெடுத்தாலும் ஒரு குறை. இரண்டு மூன்றைப் படித்தேன். எரிச்சலாக இருந்தது. ஒருநாள் செட்டிங்ஸைத் திறந்து, குறிப்புகளின் நிறத்தைப் பின்னணியின் நிறமாகவே மாற்றினேன். வெள்ளை மேல் வெள்ளை. நிம்மதியாக இருந்தது. அப்புறம் மறந்தே போனேன்.

அக்கா தினமும் சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு என் மேஜைப் பக்கம் வருவார். எழுதி வைத்திருக்கிறேன், பார்த்தாயா என்று கேட்பார். நானும் தலையைத் தூக்காமல், பாத்துட்டேன்க்கா என்பேன்.

மேனேஜரின் கை மௌஸ் மேல் இருந்தது. அந்த வெற்றிடத்தின் மேல் சும்மா ஒரு இழுப்பு இழுத்தால் போதும். நீலப் பட்டைக்குள் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரிந்துவிடும். அம்புக்குறி அந்த இடத்துக்குப் போனது. கடவுளே, இழுக்கக் கூடாது.

இழுக்கவில்லை. கையை எடுத்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லையேம்மா" என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா குனிந்து திரையைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். தான் எழுதினோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். எனக்கும் வீட்டு வாடகை இருக்கிறது, அம்மாவின் மருந்து இருக்கிறது. இதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் யோசித்தேன், பொய் சொல்வானேன்.

"ஒரு நிமிஷம் சார்" என்று கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். செட்டிங்ஸைத் திறந்தேன். குறிப்புகளின் நிறம் இருந்த வரியில் வெள்ளையை அழித்துவிட்டுச் சிவப்பு போட்டேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். சேமித்தேன்.

அந்த வெற்றிடத்தில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

அளவு தப்புன்னு தோணுது, பழைய தாளில் இரண்டரைதான், டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்து.

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சரி, நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். அந்த ஒரு வரிதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அவர் கோப்பை மேலே நகர்த்தினார். காலி வரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடமெல்லாம் சிவப்பு.

'கொடுக்கக் கூடாது' என்பதில் கூடாது விட்டுப்போச்சு, சேர்த்துட்டேன்.

கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையே காணோம், பழைய தாளைப் பார்த்துப் போட்டுட்டேன்.

போன வாரமும் இதே தப்பு. சார்கிட்ட சொல்லலை. உடம்பு சரியில்லையா, ஏதாவது கஷ்டமா, சொல்லு.

மேனேஜர் இன்னும் மேலே போகப் பார்த்தார். அக்கா சட்டென்று கை நீட்டி மௌஸைப் பிடித்துக்கொண்டார்.

"இருநூத்திப் பன்னெண்டு மட்டும் போதும் சார்" என்றார்.