சிவப்பு வெயிலில் ஒரு வீடு
பழைய தெருக்களை இடிக்கவிடாமல் காக்க அமைத்த குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஊர் வரைபடம். வரைபடம் தயாரிக்கும் பெண் சிவப்புப் பென்சிலால் எல்லை இழுத்துக்கொண்டே வருகிறாள். கோட்டுக்குள் வரும் வீட்டை இனி யாரும் இடிக்க முடியாது. ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியே இறங்கிய மாலை வெயில், வரைபடத்தில் அவள் பிறந்த வீட்டின் மேல் சிவப்பாகப் படுத்திருக்கிறது. அதை இடித்துக் கடை கட்ட அண்ணன் ஒற்றைக்காலில் நிற்கிறான். பென்சில் அந்தச் சிவப்புக்குள் நுழைந்ததும் கோடு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகிறது. தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிகிறார். "உங்க வீடு உள்ளயாம்மா, வெளியவா? ஒண்ணுமே தெரியலையே." "வெயில் நகரட்டும் சார், தெரிஞ்சிடும்." எல்லோரும் காத்திருக்கிறார்கள். மின்விசிறிக் காற்றில் வரைபடம் தூங்குகிறவர் நெஞ்சைப்போல ஏறி இறங்குகிறது. சிவப்பு வாசலைக் கடந்து, முற்றத்தைக் கடந்து மெல்ல ஊர்கிறது. பென்சில் அங்கே இன்னும் தாளைத் தொடவே இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.